மேலூர்ப் பகுதித் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் வலைப்பக்கத் தரவுப் பண்புகளும்: தேர்வுமுறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுப் பாடங்களை வலைப்பக்கமாகப் பதிப்பிக்கும்போது, ஊர், சொல், வாசிப்பு முதலிய செய்திகளைத் தரவுப் பண்புகளாக உறுப்புகளில் பொதிந்து, ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத் தேர்ந்தெடுக்கும் முறை பரவலாகியுள்ளது. இத்தேர்வு வெறும் தொழில்நுட்பச் செயல் என்று கருதப்படுகிறது. மேலூர்ப் பகுதிக் குன்றுகளிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொண்டு, இத்தேர்வு பதிப்பாசிரியரின் வாசிப்பைச் சார்ந்தது என்பதையும், தமிழ் எழுத்துகளின் குறிமுறை இயல்பால் அது பிழைபடும் இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தேர்வி ஒன்றும் எடுத்துத் தராத நிலையைச் 'சான்று இல்லை' என்று பொருள்கொள்வது ஆய்வுநெறிக்கு முரணானது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தரவுப் பண்பு, தேர்வி, ஜாவாஸ்கிரிப்ட், ஒருங்குறி, தமிழ்ப் பிராமி, மாங்குளம், மின்பதிப்பு.

1. முன்னுரை

மதுரைக்கு வடகிழக்கே மேலூரைச் சூழ்ந்து மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர், கீழவளவு, கருங்காலக்குடி ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. இவ்வூர்க் குன்றுகளின் குகைத்தளங்களில் தமிழ் எழுத்து வரலாற்றின் மிகப் பழைய சான்றுகள் சில உள்ளன. மாங்குளத்தில் உள்ள ஆறு கல்வெட்டுகள் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரையும், அவனைச் சார்ந்த கடலன் வழுதியின் பெயரையும், வெள்ளறை நிகமம் என்னும் வணிகர் குழுவையும் குறிப்பிடுகின்றன. 1882இல் இராபர்ட் சூவெல் இவற்றை முதலில் கண்டறிந்தார். இவ்வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். 1966இல் ஐராவதம் மகாதேவன் இவற்றைத் தொகுத்து முன்வைத்தார். 2003இல் வெளிவந்த அவரது பெருநூல் படம், பாடம், மொழிபெயர்ப்பு, விளக்கம் ஆகியவற்றுடன் அத்தொகுப்பை நிறைவு செய்தது.

இன்று இத்தகைய பாடங்களை ஆய்வு மாணவர் முதலில் திரையிலேயே காண்கின்றனர். திரையில் ஒரு கல்வெட்டைப் படிப்பதும், பல கல்வெட்டுகளிலிருந்து ஒரு சொல்லையோ ஊரையோ தேர்ந்தெடுப்பதும் வேறுவேறு செயல்கள். முன்னதில் கண் வேலை செய்கிறது. பின்னதில் நிரல் வேலை செய்கிறது. கண் செய்யும் தேர்வில் ஐயம் எழும். நிரல் செய்யும் தேர்வில் எண்ணிக்கை மட்டுமே வரும். அவ்வெண்ணிக்கையின் நம்பகத்தன்மை எதைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. தரவுப் பண்பும் தேர்வியும்

எச்டிஎம்எல் மொழியில் ஒரு வலைப்பக்கம் உறுப்புகளால் ஆனது. பத்தி, தலைப்பு, சொற்கூறு ஆகியவை உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பும் பண்புகளை ஏற்கும். 2014 அக்டோபரில் தரமாக ஏற்கப்பட்ட எச்டிஎம்எல்5, பக்கத்தை உருவாக்குபவர் தாமே பெயரிட்டுக் கொள்ளக்கூடிய பண்புகளுக்கு இடமளித்தது. 'டேட்டா' என்னும் முன்னொட்டையும் ஓர் இணைகோட்டையும் அடுத்து, வேண்டிய பெயரை இடலாம். டேட்டா-ஊர், டேட்டா-சொல், டேட்டா-வாசிப்பு என்றவாறு கல்வெட்டுப் பதிப்புக்குத் தேவையான செய்திகளை இவ்வகையில் பொதியலாம். இவை திரையில் தெரிவதில்லை. உறுப்போடு ஒட்டி நிற்கும்.

பொதிந்ததை எடுப்பதற்கு ஜாவாஸ்கிரிப்டில் 'குவெரிசெலக்டர்', 'குவெரிசெலக்டர்ஆல்' என்னும் இரு செயல்கூறுகள் உள்ளன. முன்னது பொருந்தும் முதல் உறுப்பைத் தரும். பின்னது பொருந்தும் எல்லா உறுப்புகளையும் பட்டியலாகத் தரும். எதைப் பொருத்துவது என்பதைக் கூறும் தொடரே தேர்வி. பண்பின் மதிப்பு முழுவதும் ஒத்திருக்க வேண்டுமாயின் சமக்குறி மட்டும் இடப்படும். மதிப்பின் தொடக்கம் ஒத்தால் போதுமெனின் சமக்குறிக்கு முன் ^ குறியும், இறுதி ஒத்தால் போதுமெனின் $ குறியும், எங்கேனும் ஒத்தால் போதுமெனின் * குறியும், இடைவெளியால் பிரிக்கப்பட்ட பல மதிப்புகளுள் ஒன்று ஒத்தால் போதுமெனின் ~ குறியும் இடப்படும். ஓர் உறுப்பின் தரவுப் பண்புகள் அனைத்தையும் 'டேட்டாசெட்' என்னும் வாயிலாகப் பெயர்சுட்டிப் பெறவும் இயலும்.

பண்பின் பெயரைத் தமிழிலேயே இடலாம் என்பது குறிப்பிடத்தக்கது. எச்டிஎம்எல் இலக்கணமும், தேர்வியின் இலக்கணமும், ஜாவாஸ்கிரிப்டின் பெயரிடும் விதியும் தமிழ் எழுத்துகளை ஏற்கின்றன. உரோமன் ஒலிபெயர்ப்பில் பெயரிடுவது பாதுகாப்பானது என்ற எண்ணம் நிலவுகிறது. ஆயின், எச்டிஎம்எல் பண்பின் பெயரிலுள்ள உரோமன் பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கிவிடும். ளகர றகரங்களைப் பெரிய எழுத்தாலும் லகர ரகரங்களைச் சிறிய எழுத்தாலும் குறிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் பண்புக்குப் பெயரிட்டால், 'வெள்ளறை' 'வெல்லரை' ஆகிவிடும். பண்பின் மதிப்புக்கு இந்நிலை இல்லை; பெயருக்கு மட்டுமே உண்டு. பெயர் ஒருவிதமாகவும் மதிப்பு வேறுவிதமாகவும் நடத்தப்படும் இவ்வேறுபாட்டை அறியாமல் அமைக்கப்படும் பக்கம் தொடக்கத்திலேயே பழுதுபட்டதாகும்.

3. ஒரு சொல், இரு குறிமுறை

மாங்குளத்தின் முதற் கல்வெட்டில் 'கொட்டுபித்த' என்னும் வினை வருகிறது. திருவாதவூரின் இரு கல்வெட்டுகளும் 'கொட்டுபிதோன்' என முடிகின்றன. அரிட்டாபட்டியில் 'கொடுபிதோன்' என ஒற்றை டகரத்துடன் உள்ளது. கீழவளவில் 'கொடு' என்ற வடிவம் காணப்படுகிறது. குகைத்தளத்தை அமைத்துத் தந்தவர் யார் என்பதைச் சொல்லும் வினை ஆதலின், இப்பகுதிக் கல்வெட்டுகளின் வரலாற்றுச் செய்தி இதனைச் சுற்றியே அமைகிறது.

இச்சொல் 'கொ' என்னும் எழுத்தில் தொடங்குகிறது. ஒருங்குறியில் 'கொ' இருவகையாக எழுதப்படலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒரு முறை. ககரத்தை அடுத்து எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொரு முறை. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறி வரையறையும் இரண்டையும் நிகரானவை என்றே கூறுகிறது. தொல்காப்பிய நெறிப்படி எண்ணினால் 'கொட்டுபித்த' ஆறு எழுத்துகளால் ஆனது. ஒரு முறையில் அது 11 குறியெண்கள். மற்றொரு முறையில் 12 குறியெண்கள்.

தேர்வி இந்நிகர்மையைக் கருத்தில் கொள்வதில்லை. அது குறியெண்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிடுகிறது. பக்கத்தில் 12 குறியெண்களால் பொதிந்த சொல்லை 11 குறியெண்களால் எழுதிய தேர்வி காணாது. பழைய எழுத்துரு முறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட பாடங்களில் கொம்பும் காலும் பிரிந்து நிற்க இடமுண்டு. இன்றைய தட்டச்சுச் செயலிகள் பெரும்பாலும் சேர்ந்த வடிவைத் தருகின்றன. பழைய கோப்பும் புதிய தட்டச்சும் ஒரே பக்கத்தில் கூடும்போது இம்முரண் நேர்கிறது.

பெயரிலும் இதே இடர் உள்ளது. 'சொல்' என்று பண்புக்குப் பெயரிட்டால், அப்பெயரிலேயே ஒகரக் குறி அமைந்துவிடுகிறது. 'டேட்டா-சொல்' என்பது கண்ணுக்கு ஒரு பண்பு. நிரலுக்கு இரண்டு பண்புகளாகலாம்.

இதற்குத் தீர்வு உண்டு. 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் வரையறை, சரங்களைச் சீர்மைப்படுத்தும் 'நார்மலைஸ்' என்னும் செயல்கூற்றைச் சேர்த்தது. மதிப்பைப் பொதியும்போதும் தேர்வியை எழுதும்போதும் அதனைப் பயன்படுத்தினால் மேற்கூறிய முரண் நீங்கும். எனினும் எல்லா முரணும் நீங்காது. ஔகாரக் குறியின் இடத்தில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் இட்டு எழுதும் வழக்கு உண்டு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவின. சொல்லின் இடையே கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக் குறிகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவற்றை ஒருங்குறி நிகரானவையாக ஏற்பதில்லை. எனவே சீர்மைப்படுத்தும் செயல்கூறு இவற்றைத் தொடாது. இவற்றைக் காண்பதற்குத் தமிழறிந்த பதிப்பாசிரியரின் கண்ணே தேவை.

4. கல்லெழுத்தும் குறியெண்ணும்

மேற்கண்ட இடரை மாங்குளக் கல்வெட்டின் எழுத்துமுறையோடு ஒப்பிடுவது தகும். தமிழ்ப் பிராமியின் எழுத்துமுறையை மகாதேவன் மூன்றாகப் பகுத்தார். அவற்றுள் முதல் முறையில் மாங்குளக் கல்வெட்டுகள் அமைகின்றன. அம்முறையில் மெய்யெழுத்தின் அடிப்படை வடிவம் அகரமின்றி நிற்கும். அகரத்தைக் குறிக்கப் பக்கக்கோடு ஒன்று இடப்படும். அதே கோடு ஆகாரத்தையும் குறிக்கும். ஆகவே, கோடு பெற்ற மகரம் 'ம' எனவும் 'மா' எனவும் படிக்கப்படலாம். எது பொருந்தும் என்பதைச் சொல்லும் தொடரும் முடிவு செய்யும்.

கல்லில் ஒரு வடிவத்துக்கு இரு ஒலிகள். கணினியில் ஒரு வடிவத்துக்கு இரு குறிமுறைகள். முன்னதில் வாசகர் தம் மொழியறிவால் ஒன்றைத் தேர்கிறார். பின்னதில் வாசகர் ஐயுறவே வாய்ப்பில்லை; நிரலோ ஐயுறும் இயல்புடையது அன்று. கல்வெட்டறிஞர் ஈராயிரம் ஆண்டுப் பழமையான எழுத்துமுறையில் நெகிழ்ச்சி இருப்பதை ஏற்று அதற்கு விதி வகுத்தனர். நாள்தோறும் கையாளும் எழுத்துமுறையிலும் அத்தகைய நெகிழ்ச்சி உண்டென்பதை மின்பதிப்புகள் இன்னும் போதிய அளவு ஏற்கவில்லை.

மூலவடிவிலேயே பதிப்பித்தால் இச்சிக்கல் தீரும் எனல் பொருந்தாது. பிராமி எழுத்து 2010இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. 2021இல் பழந்தமிழுக்குரிய சில எழுத்துகளும் குறிகளும் சேர்க்கப்பட்டன. அக்குறியெண்கள் கல்லில் உள்ள கோட்டைப் பதிவு செய்யும். அக்கோடு அகரமா ஆகாரமா என்பதைப் பதிவு செய்யா. அம்முடிவு வாசிப்பு சார்ந்தது; அது ஒரு பண்பாகவே பொதியப்பட வேண்டும்.

5. விகுதியைத் தேடுதல்

தமிழ்ச் சொற்களைத் தொடக்கம், இறுதி, இடை என்னும் மூவகைத் தேர்விகளால் தேடுவதில் மற்றொரு சிக்கல் எழுகிறது. 'அன்' என்னும் ஆண்பால் விகுதி பெற்ற பெயர்களை இப்பகுதிக் கல்வெட்டுகளிலிருந்து தொகுக்க வேண்டும் எனக் கொள்வோம். மதிப்பின் இறுதி 'அன்' என ஒத்திருக்க வேண்டும் என்று $ குறியுடன் தேர்வி எழுதுவது இயல்பாகத் தோன்றும். அத்தேர்வி 'கடலன்' என்னும் சொல்லை எடுக்காது. 'கடலன்' என்பதில் லகரத்தினுள் அகரம் கரைந்துள்ளது. அகர உயிரின் குறியெண் அச்சொல்லில் இல்லை. ககரம், டகரம், லகரம், னகரம், புள்ளி என்பனவே அதன் குறியெண்கள்.

ஆனால் மாங்குளக் கல்லில் இப்பெயர் 'கடல்அன்' என உயிர் தனித்து நிற்குமாறு பொறிக்கப்பட்டுள்ளது. பகுதியும் விகுதியும் கண்ணுக்குத் தெரியுமாறு கல்தச்சன் எழுதியுள்ளான். கல்லில் உள்ளவாறே பெயர்த்தெழுதிய பாடத்தைப் பொதிந்த பக்கத்தில் அதே தேர்வி வெற்றி பெறும்; இக்கால எழுத்துமுறைக்கு மாற்றிப் பொதிந்த பக்கத்தில் தோற்கும். ஆய்வாளர் ஒருவர் 'அன்' விகுதிப் பெயர்கள் இப்பகுதியில் உள்ளன என்று முடிவு செய்வதும், இல்லை என்று முடிவு செய்வதும், பதிப்பாசிரியர் எந்த வடிவைப் பொதிந்தார் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அகரத்தை விடுத்து 'ன்' என்று மட்டும் தேடினால் 'கொட்டுபிதோன்' முதலிய வினைமுற்றுகளும் கலந்துவிடும். இடைத்தேடலும் இத்தகையதே. 'கண' என்று தேடினால் 'கணி' அகப்படும். 'கண்' என்பதும் அகப்படும். 'க' என்னும் தொடக்கத்தைத் தேடினால் 'கொ', 'கோ' எல்லாம் அதனுள் அடங்கும். தமிழ் எழுத்தின் எல்லையைத் தேர்வி அறியாது என்பதே இதன் காரணம். தொல்காப்பியத்தில் மெய் புள்ளியோடு நிற்பது இயல்பு; அகரம் ஏறினால் புள்ளி நீங்கும். ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை; புள்ளி கூடுதலாக வருவது. இலக்கணத்தில் 'கடல்' என்பதோடு 'அன்' சேர்ந்து 'கடலன்' ஆகிறது. குறியெண் நிலையில் 'கடல்' என்பது 'கடலன்' என்பதனுள் இல்லை; 'கடல' என்பதே உள்ளது. இலக்கண உறவும் குறியெண் உறவும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன.

எனவே, விகுதியைச் சொல்லின் இறுதி எழுத்துகளிலிருந்து ஊகித்துத் தேர்ந்தெடுக்கும் முறை தமிழுக்குப் பொருந்தாது. பகுதி, விகுதி ஆகியவற்றைத் தனிப் பண்புகளாகப் பொதிவதே பொருத்தமானது. இரட்டித்த மெய்யை ஒற்றையாக எழுதும் பழைய வழக்கால் 'பள்ளி' என்பது 'பளி' என வருகிறது. அங்கும் கல்வடிவம் ஒரு பண்பாகவும் சீர்வடிவம் மற்றொரு பண்பாகவும் இடம்பெற வேண்டும்.

6. வாசிப்பு வேறுபாடும் ஒற்றை மதிப்பும்

இதுவரை கூறியவை எழுத்து நிலையிலான இடர்கள். பொருள் நிலையிலான இடர் இன்னும் ஆழமானது. 'கொட்டுபித்த' என்னும் சொல்லுக்கு 'கொட்டு' என்பதை வினையடியாகக் கொண்டு 'செதுக்குவித்த' எனப் பொருள் காணலாம்; மகாதேவன் அவ்வாறே கொண்டார். இரட்டித்த மெய்யை எழுதுவதில் அக்காலத்தில் நிலையான வழக்கு இல்லாமையால், 'கொடு' என்பதை அடியாகக் கொண்டு 'கொடுப்பித்த' எனவும் பொருள் காண இடமுண்டு. அரிட்டாபட்டியிலும் கீழவளவிலும் காணப்படும் ஒற்றை டகர வடிவங்கள் இரண்டாம் கருத்துக்கு இடமளிக்கின்றன. ஒற்றை டகரம் எழுத்து வழக்கு மட்டுமே எனக் கொண்டால் முதற்கருத்து நிலைபெறும்.

மின்பதிப்பில் 'டேட்டா-அடிச்சொல்' என்னும் பண்புக்கு ஒரு மதிப்பே இடப்படுகிறது எனக் கொள்வோம். 'கொடு' என இட்டால், கொடை பற்றிய கல்வெட்டுகளைத் தொகுக்கும் ஆய்வாளரின் தேர்வில் மேலூர்ப் பகுதிக் குன்றுகள் இடம்பெறும். 'கொட்டு' என இட்டால் அவர் தொகுப்பில் இவை இரா. குடைவரைத் தொழில் பற்றிய தொகுப்பில் இருக்கும். சங்ககாலக் கொடை மரபு பற்றிய ஒரு முனைவர் பட்ட ஆய்வின் அட்டவணை, யாரோ ஒருவர் ஒரு பண்பில் இட்ட ஒரு டகரத்தால் மாறிவிடும். அவ்வாறு மாறியது ஆய்வாளருக்குத் தெரியவும் தெரியாது.

அச்சுப் பதிப்பு மரபு இதில் கவனமாக இருந்தது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சுவடிகளில் கண்ட பாடவேறுபாடுகளைப் பதிவு செய்தார். பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்தார் என்பதும், தேராத பாடம் எது என்பதும் வாசகருக்குக் கிடைத்தன. மாங்குளத்தில் வரும் கணியின் பெயரை 'நந்தாசிரியன்' எனவும் 'நந்தசிரி குவன்' எனவும் பிரித்துப் படித்திருப்பதை நூல்களை ஒப்பிட்டு அறியலாம். ஒற்றை மதிப்புப் பண்பு இம்மரபிலிருந்து பின்வாங்குகிறது. அடிக்குறிப்புக்கு இடமில்லாத அச்சுப்பக்கம் போன்றதாகிவிடுகிறது அது.

தரவுப் பண்பின் அமைப்பிலேயே இதற்கு ஒரு வழி உள்ளது. இடைவெளியால் பிரித்து 'கொட்டு', 'கொடு' என்னும் இரு மதிப்புகளையும் ஒரே பண்பில் இட்டு, ~ குறியுள்ள தேர்வியால் எடுத்தால் இரு வாசிப்பிலும் அக்கல்வெட்டு அகப்படும். ஆயின், எந்த வாசிப்பு யாருடையது என்பது அப்பண்பில் இராது. ஒவ்வொரு வாசிப்பையும் தனி உறுப்பாக்கி, வாசித்தவர், ஆண்டு, உறுதிநிலை ஆகியவற்றை அவ்வுறுப்பின் பண்புகளாக்குவது மேலும் பொருத்தமானது. கல்வெட்டுப் பதிப்புக்கென உலக அளவில் வழங்கும் எபிடாக் நெறிமுறை சிதைந்த எழுத்து, ஊகித்து நிரப்பிய எழுத்து, ஐயத்திற்குரிய வாசிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கும் வழிகளை வகுத்துள்ளது. தென்னாசியக் கல்வெட்டுகளுக்காக 2019இல் ஐரோப்பிய ஆய்வு நிறுவனங்கள் கூடித் தொடங்கிய தர்மா திட்டமும் இந்நெறிமுறையைப் பின்பற்றித் தமிழ்க் கல்வெட்டுகளையும் பதிப்பித்துள்ளது.

7. ஊர்ப்பெயரும் அதன் விளைவும்

சொல்லை விட ஊர் எளிதானது எனத் தோன்றலாம். மாங்குளக் கல்வெட்டுகள் சில நூல்களில் மாங்குளம் என்ற பெயரிலும், சில பட்டியல்களில் மீனாட்சிபுரம் என்ற பெயரிலும் இடம்பெறுகின்றன. அரிட்டாபட்டி 'அரிட்டாப்பட்டி' எனவும் எழுதப்படுகிறது. ஊரின் பெயரை முழுமையாக ஒப்பிடும் தேர்வி இவற்றுள் ஒன்றையே காணும்.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த நிலப்பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அவ்வறிவிப்பில் அரிட்டாபட்டி மேலூர் வட்டத்திலும், மீனாட்சிபுரம் மதுரை கிழக்கு வட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த குன்றுகள் இருவேறு வட்டங்களில் அமைகின்றன. 'வட்டம்' என்னும் பண்பின் மதிப்பை 'மேலூர்' என வைத்துத் தேர்ந்தால் அரிட்டாபட்டி வரும். மாங்குளக் கல்வெட்டுகள் விடுபடலாம்.

இது நூலகத்துக்குள் முடியும் சிக்கல் அன்று. 2024 இறுதியில் இப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் குறித்த எதிர்ப்பு எழுந்தது. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அவ்வேலத்தை இரத்து செய்தது. அவ்விவாதத்தில் இக்குன்றுகளின் கல்வெட்டுகளும் குகைத்தளங்களும் மக்கள் முன்வைத்த காரணங்களுள் அடங்கின. ஒரு நிலப்பரப்பில் உள்ள தொன்மைச் சான்றுகளின் பட்டியலை ஒரு மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் நிலை வருங்காலத்தில் மேலும் பெருகும். அப்போது ஓர் ஒற்றெழுத்தின் வேறுபாட்டால் ஒரு குன்று பட்டியலிலிருந்து விடுபடுமானால், அதன் விளைவை ஏற்பது ஆய்வாளர் மட்டுமல்லர்.

ஊருக்கு மாறாத அடையாள எண் ஒன்றை ஒரு பண்பாகவும், ஊரின் வழக்குப் பெயர்களை வேறொரு பண்பாகவும், ஆட்சி எல்லையை அது எந்த ஆண்டுக்குரியது என்ற குறிப்புடனும் பொதிவது இதற்குரிய வழி. கல்வெட்டுத் தொகுதிகளில் ஆண்டறிக்கை எண்ணும் வரிசை எண்ணும் இப்பணியையே நெடுங்காலமாகச் செய்து வருகின்றன.

8. வெறுமையின் பொருள்

மேற்கண்ட எல்லாவற்றிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. தேர்வியின் இலக்கணம் பிழையானால் ஜாவாஸ்கிரிப்ட் பிழையறிவித்து நின்றுவிடும். தேர்வியின் இலக்கணம் சரியாக இருந்து மதிப்பு பொருந்தாவிட்டால் எவ்வறிவிப்பும் இராது. வெற்றுப் பட்டியல் வரும். பக்கம் பகுதி பகுதியாக ஏற்றப்படும்போது, ஏற்றம் முடியும்முன் தேர்ந்தெடுத்தால் பின்னர் வந்த உறுப்புகளும் பட்டியலில் இரா. 'குவெரிசெலக்டர்ஆல்' தரும் பட்டியல் எடுத்த கணத்தில் நிலைபெற்றுவிடுவது. சான்று இல்லாமையால் வரும் வெறுமையும், குறிமுறை முரணால் வரும் வெறுமையும், காலத்தால் முந்தித் தேர்ந்ததால் வரும் வெறுமையும் ஆய்வாளர் முன் ஒரே பூச்சியமாகவே நிற்கின்றன.

'இச்சொல் இக்காலக் கல்வெட்டுகளில் வழங்கவில்லை' என்னும் வகை முடிவு தமிழாய்வில் எடையுடையது. காலக்கணிப்பும் சொல் வரலாறும் பல இடங்களில் அத்தகைய இன்மையின் மேல் கட்டப்படுகின்றன. அவ்வின்மை தேர்வியிலிருந்து வந்ததாயின், எத்தேர்வி, எப்பண்பு, எவ்வடிவம், சீர்மைப்படுத்தப்பட்டதா என்பனவற்றைக் கூறாமல் அதனைச் சான்றாக ஏற்க இயலாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். மேலூர்ப் பகுதிக் கல்வெட்டுகள் மிகச் சில. அவற்றை ஒரே நாளில் கண்ணால் படித்துவிடலாம். தேர்வி எதற்கு என்பது அம்மறுப்பு. அது உண்மையே. அதனாலேயே இவை உரைகல்லாகின்றன. தேர்வி தரும் விடையை இங்கே கண்ணால் சரிபார்க்க முடியும். ஆயிரக்கணக்கான இடைக்காலக் கல்வெட்டுகளில் அது இயலாது. சிறிய தொகுப்பில் நான்கு வடிவங்களாக வரும் ஒரு வினையைச் சரியாக எடுக்க முடியாத பண்பமைப்பு, பெரிய தொகுப்பில் தரும் எண்ணிக்கையை நம்புவதற்கு அடிப்படை இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. தரவுப் பண்புகள் அப்பக்கத்தை உருவாக்கியவரின் தனிப்பயனுக்கானவை. பிறர் மென்பொருள்கள் அவற்றைப் பொதுத்தரமாகக் கொள்வதற்கு அவை உரியன அல்ல என்பது எச்டிஎம்எல் வரையறையின் நிலைப்பாடு. ஒரு பக்கத்தின் 'டேட்டா-சொல்' கல்வடிவைக் குறிக்கலாம்; மற்றொன்றின் 'டேட்டா-சொல்' சீர்வடிவைக் குறிக்கலாம். இரண்டையும் ஒன்றாகத் தொகுத்து எண்ணுவது பிழை. எனவே காப்பகப்படுத்தும் மூலம் எபிடாக் போன்ற பொதுநெறியில் இருக்க வேண்டும். தரவுப் பண்பு அம்மூலத்தைத் திரையில் தேர்ந்தெடுக்க உதவும் முகப்பாக மட்டுமே அமைய வேண்டும். இன்றைய தமிழ் மின்பதிப்பு முயற்சிகளில் முகப்பே மூலமாகிவிடும் போக்கு கவலைக்குரியது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

தரவுப் பண்பைக் கொண்டு வலைப்பக்க உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது கல்வெட்டாய்வுக்குப் பயனுள்ள முறை. ஆயின் தேர்வுக்கு முன்பே, பண்புக்கு மதிப்பிடும் கணத்தில், வாசிப்பு முடிந்துவிடுகிறது. மதிப்பிட்டவர் பதிப்பாசிரியரே, அவர் பெயரும் அவர் கொண்ட வாசிப்பின் அடிப்படையும் அப்பக்கத்திலேயே பதிவாக வேண்டும்.

தமிழ் மதிப்புகளையும் தமிழ்ப் பண்புப் பெயர்களையும் பொதியும்போதும் தேடும்போதும் சீர்மைப்படுத்த வேண்டும். சீர்மைப்படுத்தலுக்கு அகப்படாத வடிவ ஒற்றுமைகளைத் தமிழறிந்தோர் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

கல்வடிவம், சீர்வடிவம், பகுதி, விகுதி ஆகியவை தனிப் பண்புகளாக வேண்டும். எழுத்து ஒப்பீட்டால் இலக்கணக் கூறுகளைத் தேர முயல்வது தமிழின் எழுத்தியல்புக்கு ஒவ்வாதது.

வாசிப்பு வேறுபாடு உள்ள இடத்தில் ஒற்றை மதிப்பு இடுதல் கூடாது. ஊர்களுக்கு மாறாத அடையாளம் வேண்டும்.

தேர்வியின் வெற்று விடையை இன்மைக்குச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகள், அத்தேர்வியின் முழு வடிவையும் உடன் தர வேண்டும். நெறியாளரும் மதிப்பீட்டாளரும் இதனைக் கேட்டுப் பெறுதல் நன்று.

கடலன் வழுதி பொறிப்பித்த வினை கொட்டியதா கொடுத்ததா என்பதில் அறிஞர் இன்னும் வேறுபடலாம். அவ்வேறுபாட்டை வாசகர் காணுமாறு வைத்திருப்பதே பதிப்பின் கடமை. அதனை ஒரு பண்பின் மதிப்பில் மறைத்துவிடும் மின்பதிப்பு, கல்லைப் படிப்பதை எளிதாக்குகிறது; கல்லை ஆராய்வதைத் தடுக்கிறது.